முப்பது பவுண்டு குரல்



ராக் என்றாலே வெறும் சத்தம் என்று நினைப்பவரா நீங்கள்? பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 1973 மார்ச்சில் வெளிவந்தது. 1988 வரை அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இடம்பிடித்தது!

நான் இங்கே படித்தபோது ஹாஸ்டலில் இதுதான் எங்கள் சுப்ரபாதம். மொத்தம் 43 நிமிடம். 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிடும். மறுபக்கம்? இளையராஜாதான்! "டேய், அந்தக் கடிகாரப் பாட்டைப் போடுடா" என்று பக்கத்து ரூமிலிருந்து குரல் வரும்.

சமீபத்தில் ஹெட்போனில் முழுசாகக் கேட்டேன். அடேயப்பா! ஓடுகிற காலடிச் சத்தம் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போகிறது. ஹாஸ்டலில் இருந்ததோ ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரிக்கார்டர். அதில் ஸ்டீரியோவுக்கு எங்கே போவது?

அன்று பாட்டை மட்டும் கேட்டேன். இன்று வேலைப்பாடும் கேட்கிறது. பணத்தைப் பற்றிய 'மணி' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். காசு குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது எல்லாவற்றையும் பதிவு செய்து, டேப்பை ஸ்கேலால் அளந்து, வெட்டி, ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். ஏழு தட்டுத் தாளம் பிசகவே இல்லை. நம்ம ஃபிட்டிங் ஷாப் வேலை மாதிரிதான்!

இன்னொரு பாட்டில் பாடுகிற வார்த்தையே கிடையாது. கிளேர் டோரி என்ற பெண்ணின் குரல் மட்டும் அழுது, எழுந்து, அடங்கும். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். யாரும் மெட்டு சொல்லித் தரவில்லை. அவராகவே பாடினார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். படைத்தவர் என்று ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மட்டுமே அச்சானது. 2004ல் டோரி வழக்குப் போட்டார். 2005ல் சமரசம் ஆகி, அவர் பெயரும் சேர்ந்தது. 32 வருஷம்!

இது ஏன் எனக்கு வலிக்கிறது? நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ராத்திரி பகலாக நான் வடிவமைத்த ஜிக்கின் டிராயிங்கில் வேறொருவர் பெயர் இருந்தது. "டிப்ளமோகாரன்தானே" என்றார்கள். வீட்டுச் சூழ்நிலை, வாய் திறக்க முடியவில்லை.

தோழா! நாளை நீ சூப்பர்வைசர் ஆவாய். உன் கீழே ஒரு ஐடிஐ தம்பி நல்ல யோசனை சொல்வான். ரிப்போர்ட்டில் அவன் பெயரையும் எழுது. 32 வருஷம் காக்க வைக்காதே!