சென்னையிலிருந்து வரும் சொகுசு வண்டி: சீட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா?

2015 டிசம்பர் 1-ம் தேதி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அன்று இரவு அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல் என்று வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம், அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நின்ற கார்களையும் விடவில்லை. சின்ன காரும் மூழ்கியது. அரை கோடி ரூபாய் காரும் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மறுபடியும் அதே கதை.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த வண்டியை முழு இழப்பாகத் தீர்த்து, உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுக்கும் எல்லோரும் அதை உதிரிபாகமாகப் பிரித்து விற்பதில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, வாசனைத் திரவியம் அடித்து மறுபடியும் சந்தையில் நிறுத்துகிறவர்களும் உண்டு.

மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவர், ரோட்டுக்கு நிலம் கொடுத்து வந்த பணத்தில் மகனுக்காக ஒரு பெரிய வண்டி பார்க்க தி. நகர் வந்தார். வெள்ளை நிறம், தோல் சீட், பாதி விலை. மகன் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்சீட்டை நகர்த்தி, அடியில் இருந்த இரும்புத் தண்டவாளத்தில் விரலை விட்டார். துருவும் கொஞ்சம் மண்ணும் வந்தது.

"பசங்க பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய்ட்டு வந்த மண்ணுங்க ஐயா" என்றார் விற்பவர்.

விவசாயி அதில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "கடல் மணல் இப்படி விரல்ல ஒட்டாது தம்பி. இது வண்டல்."

வண்டல் எங்கே தங்கும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் கறை தெரியும். ஸ்டெப்னி டயர் வைக்கும் குழி, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு, ஃபியூஸ் பெட்டியின் மூலை ஆகிய இடங்களில் தண்ணீர் வந்து போன தடம் எளிதில் போகாது. சேற்றுழவு ஓட்டிய டிராக்டரின் கியர் ஆயிலில் தண்ணீர் புகுந்தால் பால் காபி நிறத்துக்கு மாறுமே, இந்த வண்டியின் டிஃபரன்ஷியல் ஆயிலிலும் அதே நிறம் தெரிந்தால் அதே காரணமாக இருக்கலாம்.

காற்று போகும் வழியில் தண்ணீர் போய், அப்போது யாராவது சாவியைத் திருப்பியிருந்தால் எஞ்சினின் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதைவிடப் பெரிய தலைவலி மின்சாரம். சொகுசு வண்டிகளில் பல கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும்தான் இருக்கின்றன. இணைப்பில் பச்சை பூத்தால் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நிற்கும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சந்தைக்கு வரும் மாட்டைப் பால் கறக்காமல் மடி கட்ட விட்டுக் கொண்டுவருவது போல, வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பதும் பழைய தந்திரம். பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதே நல்லது. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்பதில்தான் உண்மை தெரியும்.

"மயிலாப்பூர் டாக்டர் வண்டி, கோயிலுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் போனது" என்று சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டம் வேண்டும். மாடவீதியைச் சுற்றிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்குப் பெரும் செலவாகும். அடையாறு, பெசன்ட் நகர் வண்டி என்றால் கடற்காற்று அடிப்பாகத்தைத் தின்றிருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதும் அவசியம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, பழைய சர்வீஸ் விவரங்களை உரிமையாளர் மூலமாகக் கேட்கலாம். இன்ஷூரன்ஸில் என்ன கிளெய்ம் நடந்தது என்று பாலிசி எண்ணை வைத்து எழுத்தில் கேட்கலாம். இரண்டுக்கும் தயங்குகிறவரிடம் பேரம் பேசுவது வீண். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் நான்கு டயரும் புதிதாக இருந்தால் மீட்டரை நம்ப முடியாது.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 மூலம் அது நீங்கிய பிறகே முழுப்பணம் கொடுக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முக்கியம். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில எண் என்றால் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் சேரும். மலிவு அங்கேயே பாதி கரைந்துவிடும்.

இன்னொன்றையும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பெரிய பிராண்டுகளின் சர்வீஸ் பெரும்பாலும் சென்னை, கோவை போன்ற நகரங்களில்தான். அறுவடை நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், அதை லாரியில் ஏற்றி அனுப்பும் கூலியும் அந்தப் பாதி விலைக்குள் அடங்க வேண்டும்.