சீனமொழியும் மேனாட்டு மாணாக்கரும்

சீனமொழி மேனாட்டார் நாவிற்கும் கைக்கும் எட்டாதது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. சீனப் பொதுமொழியில் 'மா' என்னும் ஓரசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என நால்வேறு பொருள் தரும். தமிழிலும் 'மா' பலபொருள் ஒருசொல்லே; ஆயினும் இங்குப் பொருளைத் தெளிவிப்பது சொல் நிற்கும் இடம், அங்கோ குரல். எழுத்துகளும் சிலவல்ல, நாளிதழைத் தடையின்றிப் படிப்பதற்கே ஏறத்தாழ மூவாயிரம் எழுத்துருக்களை அறிந்திருத்தல் வேண்டும்.

எனினும், இவ்வருமை கடத்தற்கரியதன்று என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1582ஆம் ஆண்டு மக்காவோவை அடைந்த இத்தாலியரான மத்தேயோ ரிச்சி, 1595இல் நட்பைப் பற்றிச் சீனமொழியிலேயே நூலொன்று யாத்தார். தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் அந்நாட்டினரே. அதே இயேசு சபையினரே.

அவ்வாறாயின், பின்வந்த வணிகருட் பலர் கல்லாது போனமைக்குக் காரணம் யாது? மொழியின் கடுமையினும் சட்டத்தின் கடுமையே பெரிதாயிருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் மொழிபெயர்ப்பாளரான ஜேம்ஸ் பிளின்ற், கன்ரன் துறைமுக அதிகாரிகளின் முறைகேடுகளை எடுத்துரைக்கும் சீனமொழி விண்ணப்பத்துடன் 1759இல் வடக்கே சென்றார். அதன் பயனாக அவர் மூன்றாண்டு சிறையிருந்தார். அவருக்குத் துணைநின்ற லியூ யாபியன் என்னும் சீனரோ மரணதண்டனை பெற்றார். 1807இல் ரொபர்ட் மொரிசன் கன்ரனுக்கு வந்தபோதும் அந்நியருக்குச் சீனங் கற்பித்தல் குற்றமாகவே இருந்தது. அச்சத்தின் நடுவே கற்பித்தோரின் துணைகொண்டே அவர் கற்றார். 1815 முதல் 1823 வரை வெளிவந்த அவரது பேரகராதி அவ்வுழைப்பின் விளைவாகும். 1844ஆம் ஆண்டு உடன்படிக்கையே அமெரிக்கர் சீன ஆசிரியரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாக வழங்கிற்று.

படித்தலும் பேசுதலும் ஒன்றல்ல என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. சீனக் கவிதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்துப் புகழ்பெற்ற ஆர்தர் வேலி, சீனமண்ணை ஒருநாளும் மிதியாதவர். கண்ணுக்கு நூல் போதும். நாவிற்கோ மனிதர் வேண்டும். 1980களின் பிற்பகுதியில் பீஜிங் பல்கலைக்கழகத்திற் பயிலச் சென்ற கனடா நாட்டவரான மார்க் ரோஸ்வெல், நகைச்சுவை உரையாடற் கலையைச் சீனக் கலைஞரிடமே மாணவராயிருந்து கற்றார்; பின்னர்த் தொலைக்காட்சியில் தோன்றிச் சீனரையே நகைக்க வைத்தார்.

ஆகவே, மேனாட்டார் சீனம் கற்க இயலுமா என்னும் வினாவிற்கு, இயலும் என்பதே விடை. ஆயின் அப்பெருமை கற்றவர்க்கு மட்டும் உரியதன்று. ரிச்சியும் மொரிசனும் நூல்களில் நிலைபெற்றுள்ளனர். அவர்தம் ஒலியைத் திருத்தி, கைபிடித்து எழுதுவித்த ஆசிரியர் பலரை உலகு அறியாது. ஒரு மொழியின் வாயிலை உள்ளிருந்து திறப்போர் அவர்களே.