ஏலக் காசின் கணக்கு

27 டிசம்பர் 2024, வெள்ளி. கல்முனை

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நேர்ச்சைப் பொருட்களை ஏலம் கூறும் வழக்கம் நம் கரையோர ஊர்களுக்குப் புதிதல்ல. கால் கட்டிய சேவல், முதற்குலைத் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று வருபவை கடை விலையைவிடக் கூடவே போகும். கூடக் கொடுக்கும் காசை ஸதக்கா, அதாவது தர்மம், என்று நினைத்துத்தான் ஆட்கள் கேட்கிறார்கள். தொகை பெருத்தால் ஏலம் வெற்றி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்ததைக் கண்ட மாவட்டம் இது. அதனால் தொகையை மட்டும் பார்த்து நாம் திருப்திப்பட முடியாது. காசு எதற்கு என்பதை ஏலத்துக்கு முன்பே சொல்லி, எங்கே போனது என்பதை அடுத்த ஜும்ஆவில் வாசித்தால்தான் நான் அதை வெற்றி என்பேன்.

இதற்கு என் ஆதாரம் அனஸ் (ரழி) அறிவித்து அபூதாவூதில் பதிவான ஹதீஸ். யாசகம் கேட்டு வந்த அன்சாரி ஒருவரின் வீட்டில் இருந்தவை, பாதியை உடுத்திப் பாதியை விரிக்கும் ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான். நபி (ஸல்) அவர்கள் அவற்றைக் கையில் எடுத்து விலை கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூடக் கேட்பவர் உண்டா என்று மறுபடியும் கேட்க, இன்னொருவர் இரண்டுக்கு எடுத்தார். ஒரு திர்ஹம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடரிக்கு. வாங்கி வந்த கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவிட்டு 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்து வந்தார். அந்த இரண்டு திர்ஹமும் எங்கே போயின, என்ன ஆயின என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது.

28 டிசம்பர், சனி

சபையில் விலை கேட்பது முகஸ்துதிக்கு வழி என்பார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் அல்பகரா 271ஆம் வசனம் மறைத்துக் கொடுப்பதை மேலானது என்றாலும், வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லது என்றே சொல்கிறது. மறைவாகக் கொடுக்க விரும்புபவருக்கு உண்டியல் இருக்கிறது. காசுக்காரர்களின் போட்டி என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. நாலு கோழிமுட்டையை நேர்ச்சையாகக் கொடுக்கும் பெண், தன் கையில் இருந்திருக்கக்கூடிய காசைவிடப் பல மடங்கைப் பள்ளிக்குச் சேர்க்கிறாள். விட்டுக்கொடுக்க முடியாதது வேறொன்று. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் நஜ்ஷை மார்க்கம் தடுத்திருக்கிறது. பள்ளிக்குத்தானே என்று நிர்வாகத்தார் தங்கள் ஆளை நிறுத்திக் கேட்கவைத்தாலும் அது அதேதான். உற்சாகத்தில் கேட்டவரிடம் காசை அன்றைக்கே எண்ணி வாங்கிப் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் கணக்கு வைக்கும் கடமையைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடம் ஏற்கெனவே ஒப்படைத்திருக்கிறது. அந்தக் கணக்கு கோப்போடு நின்றுவிடக் கூடாது. ஏழைகளுக்கு வாங்கிக் கொடுத்த வலைக்கு இவ்வளவு, தையல் மெஷினுக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிக்கட்டும். உதவி பெற்றவரின் பெயர் மட்டும் அதில் வரவே கூடாது.