இன்வர்னஸ் நகரத்து மழையங்கி

ஸ்காட்லாந்தின் வடபால், நெஸ் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் இன்வர்னஸ் நகரம் அமைந்துள்ளது. ‘நெஸ் ஆற்றின் முகத்துவாரம்’ என்பதே அப்பெயரின் பொருள். நான் சென்ற நாளில் காலை முதலே தூறல். குடையை விரித்தால் காற்று விடவில்லை.

ஆற்றங்கரையில் ஒருவர் பேக்பைப் என்னும் துருத்திக்குழலை இசைத்துக்கொண்டிருந்தார். அவர் அணிந்திருந்த நீண்ட கறுப்பு மேலங்கிக்குச் சட்டைக்கை இல்லை! தோளினின்று தொங்கிய மேற்போர்வை ஒன்றே இரு கைகளையும் மழையினின்று காத்தது. அதனடியில் துருத்தியை அணைத்த கையும், குழலின் துளைகளைத் தடவிய விரல்களும் தடையின்றி இயங்கின. நகரின் பெயரால் இன்வர்னஸ் அங்கி என வழங்கும் இவ்வுடை, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைத் திரைப்படங்களில் கண்ட அன்பர்கள் இதனை எளிதில் அறிந்துகொள்வர்.

இவ்வங்கி கடல் கடந்து குடியேறிய கதை இன்னும் சுவையானது. மெய்ஜி மன்னர் காலத்தில், அதாவது 1868 முதல் 1912 வரையில், ஜப்பானியர் மேனாட்டு உடைகள் பலவற்றை மேற்கொண்டனர். ஆயினும், கிமோனோவின் அகன்ற கைகள் மேனாட்டுக் கோட்டின் ஒடுங்கிய கைகளுள் நுழையுமா? இன்வர்னஸ் அங்கியிலோ அத்தொல்லை இல்லை. ஜப்பானியர் அதனைத் தம் கிமோனோவின்மேல் அணிந்து, ‘தோன்பி’, அதாவது பருந்து, என்று தம் மொழியிலேயே பெயருமிட்டனர்.

சென்ற நாட்டின் உடையைக் கசக்காமல், தன் உருவையும் இழக்காமல் வாழ்ந்தது அவ்வங்கி. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கும் அது அயலானதன்று.