அப்பாவின் அட்டைகள்

அப்பா மறைந்த பின் தையற்கடையைக் காலி செய்தபோது, ஆணியில் கோத்துத் தொங்கிய 37 அட்டைகள் எங்கள் கைக்கு வந்தன. சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் என அவர் வெட்டிவைத்த அளவுகள். சாக்குத்தூள் படிந்து ஓரங்கள் நைந்திருந்தன. அவை உதிர்ந்துவிடும் முன் ஆட்டோகேட்டில் ஏற்றிவிட எண்ணினோம். வரைபலகையும் மின்பேனாவும் எங்களிடம் இருந்தன.

பலகைமேல் அட்டையை வைத்து ஓரத்தைப் பேனாவால் தொட்டுச் சென்றால் போதும் என்றே நினைத்தோம். முதல் கோடே கோணிற்று. பலகையின் நீள அகலமும் திரையின் நீள அகலமும் ஒரே விகிதத்தில் இல்லாததால், வட்டமான கழுத்து முட்டை வடிவாயிற்று. பிறகுதான் டேப்லெட் என்னும் கட்டளையைக் கற்றோம். அட்டையில் அளவு தெரிந்த புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் தொட்டு, அதன் அளவெண்ணைத் தட்டச்சிட வேண்டும். இரண்டு புள்ளிகள் இடத்தையும் திருப்பத்தையும் பொது அளவையும் சரிசெய்யும். நீளமும் அகலமும் வெவ்வேறாக இழுபட்டிருந்தால் மூன்றாவது புள்ளி வேண்டும். அட்டை பலகையைவிடப் பெரிது. நகர்த்தும்போதெல்லாம் அதே புள்ளிகளை மறுபடி தொட்டோம்.

ஒரு சட்டைக்கு மட்டும் வலம், இடம் என இரண்டு முன்பக்க அட்டைகள் இருந்தன. வலதில் தோள் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அப்பாவின் கை தவறியிருக்கும் என்று கருதி அதை ஒதுக்கினோம். இடதையே மிரர் கட்டளையால் புரட்டி வைத்தோம். அச்செடுத்ததைக் கண்ட அம்மா சொன்னார்:

"இது மூட்டை தூக்குறவருக்கு வெட்டினதுடா. அவருக்கு வலது தோள் இறங்கியிருக்கும். ரெண்டும் ஒண்ணா வெட்டினா சட்டை ஒருபக்கமா இழுக்கும்னு உங்கப்பா தனியா அட்டை போட்டு வச்சார்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒதுக்கிய அட்டையைப் பழைய தாள்களோடு கடைக்குப் போட்டிருந்தால், ஒரு மனிதரின் தோளையும் அதைப் பார்த்த கண்ணையும் சேர்த்தே அழித்திருப்போம். நல்லவேளை, அது மேசைக்கடியில் கிடந்தது. மறுநாள் அதை உள்ளபடியே வரைந்தோம்.

இவ்வேலையில் இறங்குவோருக்கு நாங்கள் சொல்ல ஒன்றுண்டு. கோணலை நிமிர்த்துமுன் அது யாருடையது என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள். மற்ற 36 அட்டைகளையும் இப்போது அம்மாவின் அருகில் அமர்ந்தே மீண்டும் பார்த்து வருகிறோம்.