பன்னிரண்டு இடங்கள்

சோழபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு ரெண்டே திசைதான். வடக்கே ஏறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். தெற்கே ஏறினால் கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில். பிளஸ் டூ முடித்த பையன் எந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறுகிறான் என்பதை வைத்தே, அவன் எந்தப் பல்கலைக்கழகத்துக்காரன் ஆகப்போகிறான் என்று சொல்லிவிடலாம். கலை அறிவியல் கல்லூரி என்றால் வடக்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகம், தெற்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

இந்தக் கோடு ரொம்பப் பழையது இல்லை. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது கன்னியாகுமரி வரைக்கும் ஒரே குடைதான். 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் வந்தது. தெற்கு மாவட்டங்கள் அங்கே போயின, விருதுநகர் மாவட்டம் மதுரையோடு தங்கிவிட்டது. மாவட்ட எல்லையே பல்கலைக்கழக எல்லையும் ஆனது. எங்கள் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அது ஓடுகிறது. பரீட்சை எழுதுகிறவனுக்கு இதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கபடி ஆடுகிறவனுக்கு உண்டு.

எங்கள் செட்டில் நான் கார்னரில் நிற்பேன். என் மாமா பையன் ரைடர். மின்னொளி கபடி என்று சுவரில் போஸ்டர் பார்த்தால் போதும், வடக்கு தெற்கு பார்க்காமல் வண்டி ஏறிவிடுவோம். கல்லூரி என்று வந்தபோது நான் வடக்கே போனேன், அவன் தெற்கே போனான். எங்கள் செட்டின் இன்னொரு ரைடரைச் சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது; ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இல்லாத காசு, சாப்பாடும் இலவசம். மூன்று பேரும் ஒரே களத்தில் மண் தின்றவர்கள்தான். முதல் வருஷமே சென்னைக்காரன் ‘யுனிவர்சிட்டி பிளேயர்’ ஆகிவிட்டான். மாமா பையனும் நானும் எங்கள் எங்கள் பல்கலைக்கழகத் தேர்வு முகாம் வரைக்கும் போனோம். அதைத் தாண்டவில்லை. என்னைத் தாண்டிப் போனவர்கள் என்னைவிட நன்றாக ஆடினார்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கணக்குதான் உறுத்துகிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒரு அணியைத்தான் அனுப்பும். கபடியில் களத்துக்குள் ஏழு, வெளியே ஐந்து, ஆகப் பன்னிரண்டு பேர். நூறு கல்லூரிகள் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக்குப் பன்னிரண்டு என்றால் ஆயிரத்து இருநூறு பேர். அத்தனை பேருக்கும் அதே பன்னிரண்டு இடம். ஒரே வளாகம் கொண்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் பன்னிரண்டு இடம்தான். கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் கலசலிங்கம் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலை ஆனது. அதற்கு முன்பு பெரிய கூட்டத்தில் ஒன்றாக நின்ற கல்லூரி, அதற்குப் பிறகு தனி அணியாகவே தென்மண்டலத்துக்குப் போகலாம்.

‘ஆடத்தானே போறான், எந்த அணியா இருந்தா என்ன?’ என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் செல்லும். படிவம் 3 என்று அதற்குப் பெயர். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்த கோப்பை அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் போலீஸ் போன்ற சீருடைப் பணிகளில் 10 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு. பஞ்சு மில்லுக்கு ஷிப்ட் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒற்றைத் தாள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. டிகிரி மூன்று வருஷம், அதாவது மூன்றே வாய்ப்பு.

அமெரிக்காவிலும் ‘யார் யாரோடு சேர்வது’ என்பதுதான் கல்லூரி விளையாட்டின் பெரிய சண்டை. அங்கே கல்லூரிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்று கூட்டணி கட்டி ஆடுகின்றன. ‘பிக் டென்’ என்று பெயர், 2024-ல் அதில் பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள். மேற்குக் கரையின் நூற்றாண்டுப் பழைமையான ‘பேக்-12’ அதே வருஷம் இரண்டே உறுப்பினரோடு நின்றது. மற்ற எல்லோரும் டிவி உரிமைப் பணத்தின் பின்னால் போய்விட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகள் நியூ ஜெர்சி வரைக்கும் பறந்து போய் லீக் மேட்ச் ஆடுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரனோடு தலைமுறை தலைமுறையாக இருந்த போட்டியை விற்றுவிட்டுத் தூரத்துச் சந்தையை வாங்கிக்கொண்டார்கள்.

நமக்கு டிவியும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரனோடு ஆட முடியாத நிலைமை மட்டும் அப்படியே இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி. இங்கே ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி. பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். ஆனால் ஒன்று நாகமலைப் புதுக்கோட்டையைப் பார்த்து நிற்கிறது, மற்றொன்று அபிஷேகப்பட்டியைப் பார்த்து நிற்கிறது. இரண்டும் ஒரே பல்கலைக்கழகப் போட்டியில் மோதிக்கொள்ள வழியில்லை.

எனக்கு ஒரு ஆசை உண்டு. மேற்குமலை அடிவாரத்துக்கு என்று ஒரு லீக். சேர்வதற்கு விதி ஒன்றுதான்: மேட்ச் முடிந்து கடைசி பஸ்ஸில் வீடு வந்து சேர முடிய வேண்டும். ராஜூக்கள் கல்லூரி, கலசலிங்கம், ராம்கோ பொறியியல் கல்லூரி, மேலநீலிதநல்லூர், புளியங்குடி, சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. சாத்தூரைச் சேர்க்கலாமா என்று மாமா பையனிடம் கேட்டேன். “சாத்தூரா? திரும்பி வர பஸ்ஸுக்கு நீயா நிப்ப மாப்ள?” என்றான். சாத்தூர் இப்போதைக்கு நிலுவையில் இருக்கிறது.

கடைசி பஸ் விதியை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் அருமையான ரைடர். சென்னையிலிருந்து இலவசமாகக் கூப்பிட்டாலும் அவள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். “பொம்பளப் பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு இங்க எங்களுக்குத் தூக்கம் வராதுப்பா” என்று அவள் அம்மா சொல்கிறார். பையன்களுக்கு மூன்று கதவு என்றால் அவளுக்கு ஒன்று, அதுவும் காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஆயிரத்து இருநூறு பேர் வரிசை. பக்கத்திலேயே நல்ல ஆட்டம் கிடைக்காமல் போனால் அவள் ஆட்டம் பிளஸ் டூவோடு முடிந்துவிடும்.

ஆனால் லீக் மட்டும் போதாது. அந்தச் சான்றிதழைப் படிவம் 3-க்குக் கீழே வைக்க முடியாது. ஆடிப் பழகலாம், அவ்வளவுதான். உண்மையான மாற்றம் மேலே வர வேண்டும். கல்லூரிகளின் எண்ணிக்கையைப் பார்த்து, பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு அணி கொடுக்கலாம். மதுரை, திண்டுக்கல், தேனி ஒரு அணி. விருதுநகர் மாவட்டம் தனி அணி. தெற்கேயும் அப்படியே. போட்டி நடத்துகிறவர்களுக்குச் செலவு கூடும், நாளும் கூடும், உண்மைதான். ஆனால் நிகர்நிலைகள் பெருகப் பெருக அணிகளின் எண்ணிக்கை ஏற்கெனவே கூடிக்கொண்டுதான் வருகிறது. காசுள்ள வளாகத்துக்கு இடம் கூடுவதை ஏற்றுக்கொள்கிறவர்கள், பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளைக்கு இடம் கூடுவதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

சென்னைக்குப் போனவன் இப்போது போலீஸில் இருக்கிறான். அவன் மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை. எங்கள் செட்டுக்கே அது பெருமை. அவனுக்கு இலவசமாகச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர்கள் செய்ததும் நல்ல காரியம்தான். ஒருவனைத் தூக்கிப்போக ஆள் வருவது அதிர்ஷ்டம். அப்படி யாரும் வராத பிள்ளைக்கும் உள்ளூரிலேயே ஒரு வழி இருந்தால் அதற்குப் பெயர்தான் ஏற்பாடு. அந்தத் தங்கச்சி அடுத்த வருஷம் கல்லூரியில் சேர்கிறாள். வடக்கே போகிற பஸ்ஸா, தெற்கே போகிற பஸ்ஸா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.