மூக்கில் மிச்சம் வை

மேலூரில் எங்கள் பட்டறைக்கு வேலை கற்க வரும் பையன்கள் முதலில் பார்ப்பது வேப்பமரத்தடியில் நிற்கும் துவாரபாலகரைத்தான். ஆறடி உயரம். மகுடம், உதரபந்தம், கதை எல்லாம் முடிந்த சிலை. மேல் வலக்கையில் ஆள்காட்டி விரல் மட்டும் இல்லை. "யாருண்ணே உடைச்சது?" என்பார்கள். "நான்தான்டா" என்பேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருசம். கை நன்றாக ஓடுகிறது என்று ஒரு நினைப்பு. துவாரபாலகரின் அந்த விரல் 'உள்ளே யார் இருக்கிறார் தெரியுமா' என்று எச்சரிப்பதுபோல் நிமிர்ந்து நிற்கும், தர்ஜனி முத்திரை. விரலுக்கும் மகுடத்துக்கும் நடுவில் இருக்கிற கல்லைக் கடைசி வரை எடுக்கக்கூடாது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் விரலைத் தாங்குவது அதுதான். எனக்கோ விரலைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். குடைந்து எடுத்துவிட்டேன். மறுநாள் தோள்வளைக்காகப் புஜத்தில் ஓங்கி ஒரு தட்டு. தட்டியது தோளில், விழுந்தது விரல்.

ஸ்தபதி திட்டவில்லை. விரலை எடுத்து மண்ணை ஊதி என் கையில் கொடுத்தார். "உளிப்பையில போட்டு வையி. கூலி வாங்குறப்பல்லாம் எடுத்துப் பாரு." பின்னமான சிலை கோயிலுக்கு ஆகாது. பசை போட்டு ஒட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அவர் அந்தப் பக்கமே போகாதவர். மூன்று மாத உழைப்பு மரத்தடிக்குப் போனது.

அடுத்த மாதம் என்னை பஸ் ஏற்றிக் கழுகுமலைக்குக் கூட்டிப் போனார். அங்கே மலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டி இறக்கியிருக்கிறார்கள். மேலே விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, நந்திகள், பூதகணங்கள் என ஒரு குறையும் இல்லை. கீழே இறங்க இறங்க வேலை பாதியில் நிற்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாவம், முடிக்காம விட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஸ்தபதி என்னை அண்ணாக்க விடவில்லை. அரை நாள் கீழேயே உட்கார வைத்தார். "முடிஞ்ச கோயில்ல என்னத்தப் படிப்ப? உளித்தடத்தையெல்லாம் தேச்சு எடுத்திருப்பான். இங்க பாரு, எவ்வளவு கல்லை விட்டுட்டு அடுத்த எடத்துக்குப் போயிருக்கான்னு." ஒரே அடியில் உருவத்துக்குப் போனதாக எங்கும் இல்லை. தோராயமாக ஒதுக்கி, கொஞ்சம் நெருங்கி, இன்னும் கொஞ்சம் நெருங்கி. என் விரல் போன காரணம் அந்தப் பாறையில்தான் எனக்கு விளங்கியது.

முகத்துக்கும் அதே கணக்குதான். மூக்கைத் தடிமனாக விடு, கண்ணைச் சின்னதாக விடு, இதழை இறுக்கி மூடியே விடு. தடித்த மூக்கைக் குறைக்கலாம், சின்னக் கண்ணைப் பெரிதாக்கலாம். குறைத்த மூக்கை எந்தக் கொம்பனாலும் வளர்க்க முடியாது.

சிலையின் உயரத்தைப் பங்கு பிரிக்கும் தாளக் கணக்கைக் காகிதத்தில் கற்க மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி பல வருசம் முதல்வராக இருந்த இடம். போக முடிந்தவன் போகட்டும். உத்தம தசதாளத்துக்கு 124 பங்கு என்பதை நான் காவி நூல் பிடித்துப் பிடித்தே தெரிந்துகொண்டேன்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம். மேலூர்க்காரனுக்குக் கல் பஞ்சமா என்று கேட்பீர்கள். கீழவளவுப் பக்கத்து வெள்ளைக் கல் தரைக்கும் சமையல் மேடைக்கும் கப்பலேறிப் போனது. 2012-இல் குவாரிகளை மூடினார்கள், அது வேறு கதை. அந்தக் கல்லில் அங்கங்கே சிவப்புப் பொட்டு இருக்கும். ஒருமுறை, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று அதில் ஒரு அம்மன் முகத்துக்கு இறங்கினேன். மூக்கு இறங்குகிற நேரத்தில் கன்னத்தில் ஒரு பொட்டு கிளம்பியது. இன்னும் எடுத்தால் போய்விடும் என்று எடுத்தேன். அடியில் இரண்டாக நின்றது. அதோடு சரி. சிலைக்குக் கருங்கல்லை வெளியூரிலிருந்துதான் இறக்குகிறோம்.

லாரியிலிருந்து இறக்கியதும் தட்டிப் பார்க்க வேண்டும். மணி மாதிரி கணீரென்றால் ஆண் கல், தாளம் மாதிரி இழைந்தால் பெண் கல், சத்தமே எழும்பாவிட்டால் தரைக்குப் போட வேண்டியது. காது ஏமாந்தாலும் தண்ணீர் ஏமாறாது. ஒரு குடம் ஊற்றிவிட்டுப் பீடி பிடித்து முடிக்கிற நேரம் காத்திருங்கள். மேலெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு மயிரிழை மட்டும் ஈரமாகவே நின்றால் உள்ளே நூல் வெடிப்பு ஓடுகிறது. காவியால் அதன்மேல் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். லாரிக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

இப்போது கார்பைடு முனை வைத்த உளியும் கட்டிங் மிஷினும் வந்துவிட்டன. எங்கள் காலத்தில் பொழுது விடிவதே உலையில்தான். முனை உளியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டிக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்துக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் இரும்பு வெளுப்பாகத் தெரியும். மேலிருக்கும் சூடு இறங்க இறங்க அந்த வெளுப்பில் ஒரு மஞ்சள் ஓடி வரும். அது நுனியைத் தொட்ட நொடியில் முழு உளியையும் முக்கிவிட வேண்டும். நீலம் வரும்வரை விட்டால் முனை மழுங்கும். மஞ்சளுக்கு முன்னாலேயே முக்கினால் முதல் அடியிலேயே தெறிக்கும். வெயிலில் அந்த நிறம் தெரியாது; அதனால் எங்கள் உலை எப்போதும் இருட்டு மூலையில்தான். மிஷின் பிடிக்கிற தம்பிகள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை விட்டுக்கொண்டே அறுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். இருமியே போய்ச் சேர்ந்தவர்கள் என் செட்டில் இருக்கிறார்கள்.

மதுரை மதனகோபால சுவாமி கோயில் தூண்கள் அமெரிக்காவில் பிலடெல்பியா மியூசியத்தில் நிற்பதாக ஒரு வாத்தியார் படம் காட்டினார். கோயிலில் குவிந்து கிடந்த கற்களை 1912-இல் ஒரு அம்மா விலைக்கு வாங்கிப் போனார்களாம். நன்றாகத்தான் விளக்குப் போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் படத்தில் தேடியது விரல் நுனிகளை. படம் சின்னது, தெரியவில்லை. அழகர்கோவில் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இரணியனை மடியில் போட்டிருக்கும் நரசிம்மரின் விரல்களுக்கு நடுவில் எவ்வளவு கல் மிச்சம் இருக்கிறது என்றுதான் கண் போகிறது. கூட வருகிற வீட்டுக்காரி, "சாமி கும்பிட வந்தீகளா, கல்லு எண்ண வந்தீகளா?" என்பாள்.

விரல் இன்னும் என் உளிப்பையில் கிடக்கிறது. போன வாரம் சேர்ந்த பையன் கேட்டான், கொடுத்தேன். உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை வருசத்துக்கப்புறமும் அந்த இடம் சர்க்கரை மாதிரி மினுங்குகிறது. பிறகு போய் மரத்தடித் துவாரபாலகரின் கையில் தன் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தான். எல்லாரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். விரல் இருந்திருந்தால் மாட்ட வசதிப்பட்டிருக்காது.